ஒவ்வொரு முறையும் வேறு காரணம் சொன்ன நீலத்திரை

கோளாறைப் பிடித்துவிட்டேன். ராம்தான், அதாவது கணினியின் தற்காலிக நினைவகம். மாட்டியிருக்கும் இரண்டு 8 ஜிபி ராம்களில் ஒன்றில், ஒற்றை பிட் (0 அல்லது 1 நிற்கும் ஓரிடம்) ஒன்று அறையில் வெயில் ஏறினால் தன் மதிப்பை இழந்துவிடுகிறது. என் கணினி நீலத்திரை (விண்டோஸ் ஓட முடியாமல் நின்றுபோகும்போது வரும் பிழைத் திரை) காட்டி விழுந்துகொண்டிருந்தது அதனால்தான். பங்குனி வெயிலோடு ஆரம்பித்த தொல்லை சித்திரையில்தான் அகப்பட்டது. கிருஷ்ணகிரியில் விசாரித்த கடைகளில் எல்லாம் ‘விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும் சார்’ என்றே சொன்னார்கள். நான் போடவில்லை. கோளாறு எங்கே என்று தெரியாமல் விண்டோஸை மாற்றுவது எனக்கு ஒருநாளும் ஒப்பாத காரியம். போட்டிருந்தால் அந்தப் புது விண்டோஸும் இதே பழுதான ராம் வழியாகத்தான் எஸ்எஸ்டி சேமிப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

கணினி நானே சேர்த்துக் கட்டியது. ரைசன் 5 3600 பிராசஸர், பி450 மதர்போர்டு, டிடிஆர்4 3200 ராம், என்விஎம்இ எஸ்எஸ்டி, 550 வாட் பவர் சப்ளை, விண்டோஸ் 10. வீடு ராயக்கோட்டை ரோட்டுப் பக்கம். கணினி இருப்பது மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில், மேற்குச் சுவரை ஒட்டி. காலையில் அண்ணன் மகள் அதில் படிப்பாள். மாலையில் நான் வீடியோ எடிட்டிங் செய்வேன். அவளுக்குக் காலையில் ஒன்றும் ஆகாது, எனக்கு மட்டும் விழும். ‘சித்தப்பா, நீங்கள்தான் அதை ரொம்ப வேலை வாங்குகிறீர்கள்’ என்று அவள் சொன்னதில் ஒரு துப்பு இருந்தது. ஆனால் காரணம் வேலைப்பளு அல்ல, நேரம்.

முதலில் திரையில் வந்த பிழைப் பெயர் ‘மெமரி மேனேஜ்மென்ட்’. அடுத்து ‘ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்’. பிறகு ‘சிஸ்டம் சர்வீஸ் எக்செப்ஷன்’, அதன் பிறகு ‘கெர்னல் செக்யூரிட்டி செக் ஃபெயிலியர்’. இந்த வரிசைதான் எனக்கு மிகப் பெரிய தடயம். ஒரே டிரைவர் (வன்பொருளை விண்டோஸோடு இணைக்கும் மென்பொருள்) கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒரே பெயர்தான் திரும்பத் திரும்ப வரும். 2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய தவறான அப்டேட்டால் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. விமான நிலையத்திலும் மருத்துவமனையிலும் வந்தது ஒரே குறி, ஒரே கோப்பின் பெயர். மென்பொருள் கோளாறு பெரும்பாலும் அப்படித்தான், சொன்னதையே சொல்லும். என் கணினி ஒவ்வொரு தடவையும் வேறு பெயர் சொன்னது. பெயர் மாறிக்கொண்டே இருந்தால் முதல் சந்தேகம் ராம் மீது போக வேண்டும், அதற்கடுத்து பவர் சப்ளை, பிராசஸர் என்று வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

விழும்போது விண்டோஸ் எழுதி வைக்கும் மினிடம்ப் கோப்புகளை விண்டிபக் என்ற ஆய்வுக் கருவியில் திறந்து பார்த்தேன். ஒன்று கோப்புகளை நிர்வகிக்கும் என்டிஎஃப்எஸ் மீது பழி போட்டது, இன்னொன்று கிராஃபிக்ஸ் டிரைவர் மீது, மற்றொன்று விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல் மீதே. இப்படி வரும்போது அந்தப் பெயர்களைத் துரத்திக்கொண்டு போகக் கூடாது. கெட்ட மதிப்பை யார் வைத்தது என்பது டம்ப்புக்குத் தெரியாது. அதை எடுத்துப் பயன்படுத்தித் தடுக்கி விழுந்தவர் யார் என்பதுதான் தெரியும். ஆனால் ஒரு டம்ப்பில் மட்டும் தங்கம் கிடைத்தது: ‘மெமரி கரப்ஷன் ஒன் பிட்’. கெர்னலின் அசல் கோப்போடு ஒப்பிட்டபோது நினைவகத்தில் இருந்த நகலில் ஒரே ஒரு பிட் மாறியிருந்தது. டிரைவர் எழுதித் தொலைத்திருந்தால் பல பைட்டுகள் சேர்ந்து கெட்டிருக்கும். தனியாக ஒரு பிட் புரள்வது பெரும்பாலும் வன்பொருளின் கைவேலை. அந்த வரியைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை.

நம் பக்கத்தில் எதற்கெடுத்தாலும் கரண்டைக் குற்றம் சொல்லும் பழக்கம் இருக்கிறது. கோடையில் மோட்டார்கள் ஓடும் நேரம் வோல்டேஜ் இறங்குவது உண்மைதான். ஆனால் மின்சாரம் தடுக்கினால் கணினி நீலத்திரை காட்ட நேரம் இருக்காது, சட்டென்று அணைந்துவிடும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்ற பதிவு இரண்டு சமயத்திலும் வரும். அதற்குள் பக்செக் கோட் (நீலத்திரைப் பிழை எண்) பூஜ்யம் என்று இருந்தால் மின்சாரம், பவர் சப்ளை, ரீசெட் பொத்தான் என்று தேடலாம். வேறு எண் இருந்தால் விண்டோஸே விழுந்திருக்கிறது. என்னுடையதில் எண் இருந்தது. ஸ்டெபிலைசர் வாங்கச் சொன்னவர்களிடம் இதைக் காட்டித்தான் வாயை மூடவைத்தேன்.

அடுத்தது விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக். ஓடி முடித்துப் ‘பிழை எதுவும் இல்லை’ என்றது. இந்தக் கருவி மீது எனக்குக் கோபமே இருக்கிறது. இயல்பாக ஓடும் சோதனை மேலோட்டமானது. எஃப்1 அழுத்தி விரிவான சோதனையைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே ஓரளவு பயன். அது ‘சரி’ என்று சொன்னதை நம்பி எத்தனை பேர் நல்ல மதர்போர்டுகளைத் தூக்கிப் போட்டிருப்பார்களோ!

எனவே மெம்டெஸ்ட்86 பிளஸ், விண்டோஸ் இல்லாமலே ராமைச் சோதிக்கும் கருவி. பென் டிரைவில் போட்டு, பயாஸில் (போர்டின் அமைப்புத் திரை) செக்யூர் பூட்டை (அனுமதியில்லாத மென்பொருள் துவங்குவதைத் தடுக்கும் வசதி) நிறுத்திவிட்டுத் துவக்கினேன். வட்டைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கர் போட்டிருப்பவர்கள் அதற்கு முன் மீட்புச் சாவியை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது; செக்யூர் பூட்டைத் தொட்டால் அது சாவி கேட்கக்கூடும். இரவு படுக்கப் போகும்போது ஓட விட்டேன். விடியும்வரை ஓடி, எல்லாச் சுற்றும் சுத்தம். மறுநாள் மாலை நீலத்திரை. மீண்டும் இரவில் ஓட விட்டால் மீண்டும் சுத்தம். பெரும்பாலானவர்கள் ராமை விடுவித்துவிட்டு வேறு பக்கம் திரும்புவது இந்த இடத்தில்தான். நான் திரும்பவில்லை. ஒன் பிட் என்று டம்ப் சொன்னது மனதில் குத்திக்கொண்டே இருந்தது.

விழுந்த நேரங்களை விண்டோஸின் ரிலையபிலிட்டி மானிட்டரில் எடுத்துப் பார்த்தேன். எல்லாமே மதியத்துக்குமேல், விளக்கு வைக்கும் நேரத்துக்குள். மேற்குச் சுவர் அப்போதுதான் கொதிக்கும். உடனே சோதனையின் நேரத்தை மாற்றினேன். வெயில் 38 டிகிரியைத் தொட்ட ஒரு நாளில், ஜன்னலைச் சாத்தி, கேபினெட் மூடியை மாட்டி, முன்பக்க விசிறியைப் பயாஸில் குறைத்து வைத்து, மேசை விசிறியை அணைத்துவிட்டு மெம்டெஸ்ட்டை ஓட விட்டேன். அறையில் உட்கார முடியவில்லை. கீழே போய் மோர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் திரையில் சிவப்பு வரிகள்! ஏழாம் சோதனையில் வந்திருந்தன. பத்தாம் சோதனையான பிட் ஃபேடில் இன்னும் தாராளமாக வந்தன. எதிர்பார்த்த மதிப்புக்கும் கிடைத்த மதிப்புக்கும் வித்தியாசம் ஒரே பிட், எல்லா வரியிலும் அதே பிட்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. ராமில் இருக்கும் டிராம் வகை நினைவகத்தில் ஒவ்வொரு பிட்டும் ஒரு மிகச் சிறிய மின்தேக்கியில் நிற்கும் மின்னூட்டம். அது ஓட்டைக் குடத்தில் நிரப்பிய தண்ணீர் போல, கசிந்துகொண்டேதான் இருக்கும். வற்றுவதற்குள் மீண்டும் நிரப்ப வேண்டும் என்பதற்காக டிடிஆர்4-இல் ஒவ்வொரு செல்லும் (பிட் நிற்கும் அந்த இடம்) 64 மில்லிநொடிக்குள் ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. சூடு கூடினால் கசிவும் கூடும். அதனால்தான் சிப்பின் வெப்பம் 85 டிகிரியைத் தாண்டினால் புதுப்பிப்பதை இருமடங்கு வேகப்படுத்த வேண்டும் என்று விதி இருக்கிறது. நல்ல செல்லுக்கு அந்த எல்லைவரை கவலை இல்லை. பலவீனமான செல் அதற்கு வெகு முன்பே கைவிட்டுவிடும். இரவில் அது தாக்குப்பிடித்தது; மதியம் முடியவில்லை. மதிப்பை நிரப்பி வைத்துவிட்டுச் சற்றுக் காத்திருந்து பார்க்கும் பிட் ஃபேட் சோதனையில் பிழை அதிகம் வந்ததும் இதற்குப் பொருந்துகிறது.

கணினி எந்தச் சூட்டில் விழுகிறதோ அந்தச் சூட்டில்தான் சோதிக்க வேண்டும். நம் ஊரில் கோடை இரவில் வாங்கிய ‘சுத்தம்’ சான்றிதழை நான் இனி ஏற்கப் போவதில்லை. ஹேர் டிரையர் பிடித்து ராமைச் சூடாக்குவதைப் பரிந்துரைக்க மாட்டேன். சூடு ஒரே இடத்தில் குவியும், எவ்வளவு ஏறியது என்றும் தெரியாது. சித்திரை வெயில் இலவசமாகக் கிடைக்கும்போது அது எதற்கு?

பிழை தெரிந்தாலும் எந்த ராம் என்று முகவரியை வைத்துச் சொல்ல முடியாது. ராமுக்குப் போகும் இரண்டு சேனல்களிலும் (பாதைகள்) முகவரிகள் மாறி மாறிப் பின்னப்பட்டிருக்கும். ஒவ்வொன்றாக மாட்டித்தான் பார்க்க வேண்டும். முதலில் எக்ஸ்எம்பியை, அதாவது ராமை அதிவேகத்தில் ஓட்டும் அமைப்பை, நிறுத்தினேன். 3200 வேகம், 1.35 வோல்ட் என்பது ஓவர்கிளாக் (இயல்பைத் தாண்டிய வேகம்) கணக்குதான், 2666-க்கும் 1.2 வோல்ட்டுக்கும் இறக்கிய பிறகும் பிழை வந்தால்தான் ராமைக் குற்றம் சொல்ல நியாயம் உண்டு. வந்தது. பிறகு ஒரு ராமைக் கழற்றிவிட்டு மற்றதை ஏ2 ஸ்லாட்டில் வைத்து மதியச் சோதனை: சுத்தம். அடுத்ததை அதே ஏ2-வில் வைத்தேன்: பிழை. அதையே பி2-வுக்கு மாற்றினேன்: அதே பிழை, அதே பிட். ஸ்லாட் மாறியும் பிழை கூடவே வந்தது என்றால் போர்டு குற்றமற்றது. இந்தக் கடைசி மாற்றத்தைச் சோம்பல்பட்டு விட்டுவிடக் கூடாது. இது இல்லாமல் ‘ராம் போய்விட்டது’ என்று சொல்வது பாதி விசாரணையில் எழுதிய தீர்ப்பு.

நடுவில், தங்கப் பூச்சுள்ள முனைகளை ரப்பரால் அழித்தால் சரியாகும் என்றார் ஒரு கடைக்காரர். பர்கூர் சாலைப் பக்கம் கிரானைட் தூசி பறக்கும் இடங்களில் முனையில் அழுக்குப் படிவது சாதாரணம்தான். ஆனால் ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் இன்னொரு தலைவலி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுத்துணியே போதும். நான் துடைத்தேன். பிழை நகரவில்லை; செல்லே பலவீனம் என்றால் முனையைத் துடைத்து என்ன ஆகும்?

இப்போது ஒற்றை 8 ஜிபியில் ஓடுகிறது. மதியம் எத்தனை உக்கிரமாக வெயில் அடித்தாலும் விழவில்லை. வீடியோ வேலைக்கு 8 ஜிபி போதாது, அது வேறு வருத்தம். புதிதாக ஒன்று வாங்கலாம் என்றால் 2025 இறுதியிலிருந்து ராம் விலை ஏறிய ஏற்றம் நெஞ்சை அடைக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கே சிப்புகள் போய்விடுகின்றன. கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் இல்லை என்பதால் பஸ் ஏறித்தான் பெங்களூரில் மின்னணுப் பொருள் சந்தை இருக்கும் எஸ்.பி. ரோடு போக வேண்டும். அங்கே பழைய ராம் கிடைக்கும், பேரம் பேசலாம். ஆனால் ஸ்டிக்கர் மாற்றி ஒட்டிய சரக்கைப் பற்றி எச்சரிக்கை வேண்டும். வாங்கி வந்தவுடன் சிபியு-இசட் என்ற மென்பொருளில் ராம் தன்னைப் பற்றிச் சொல்லும் எஸ்பிடி பக்கத்தைத் திறந்து தயாரிப்பாளர், பார்ட் நம்பர், தயாரித்த வாரம் ஆகியவை ஸ்டிக்கரோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பேன். ஜிஎஸ்டி பில் தராத இடத்தில் வாங்க மாட்டேன். என் ராமுக்கு உத்தரவாதம் மிச்சமிருப்பதே அன்று பில்லைப் பத்திரப்படுத்தியதால்தான்.

அந்த உத்தரவாதத்தில் ஒரு சிக்கல். இரண்டும் சேர்ந்த கிட்டாக வாங்கியது. மாற்ற வேண்டுமென்றால் நல்லதையும் சேர்த்து அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பினால் வீட்டில் கணினியே இருக்காது, அண்ணன் மகளுக்குத் தேர்வு நெருங்குகிறது. இருப்பு இல்லை என்று பழைய விலையை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டால் இன்றைய விலையில் பாதி கூட வாங்க முடியாது. தேர்வு முடியும்வரை அனுப்பப் போவதில்லை. அதற்குள் ஒரு பரிசோதனை மனதில் இருக்கிறது. விண்டோஸின் துவக்க அமைப்பில் பேட் மெமரி பட்டியல் என்று ஒன்று உண்டு. பிழை வரும் முகவரியின் பக்க எண்ணை (விண்டோஸ் நினைவகத்தைப் பிரிக்கும் துண்டின் எண்) அதில் எழுதிவிட்டால் விண்டோஸ் அந்தப் பக்கத்தைத் தொடாது. ஒரே இடத்தில் பழுதான ராமுக்குப் பொருத்தமான வழி. இரண்டையும் மாட்டி, முகவரியை மீண்டும் எடுத்து, பட்டியலில் ஏற்றிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு வேலையும் பாக்கி. பழுதான ராம் வழியாக எழுதப்பட்ட கோப்புகளை நம்ப முடியாது. சில ஜிப் கோப்புகளைப் பிரிக்கும்போது சிஆர்சி பிழை (உள்ளடக்கம் மாறிவிட்டது என்ற எச்சரிக்கை) வந்தது. விண்டோஸ் கோப்புகளைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி, டிஐஎஸ்எம் இரண்டையும் நல்ல ராம் மட்டும் இருக்கும்போது ஓட்டினேன். விண்டோஸ் கோப்புகளில் சிலவற்றை அவை சரிசெய்தன. என் வீடியோக்களைச் சரிபார்க்க எந்தக் கருவியும் இல்லை. பங்குனிக்கு முன்பு வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்து வைத்த நகல்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு வருகிறேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது, 11-க்கு மாற வேண்டும். நீட்டிப்புத் திட்டத்தில் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் கிடைப்பதால் அவசரமில்லை. இரண்டு ராமும் ஒரு முழு மதியத்தைப் பிழையில்லாமல் கடக்கும்வரை அந்தப் பக்கம் போக மாட்டேன்.