கொலைக் கேள்விக்கு விடையை எங்கே தொடங்குவது? பி.என்.எஸ். படிப்பவர்களுக்கு

உடலுக்கு எதிரான குற்றங்களில் மதிப்பெண் குறைவது பிரிவு எண் மறந்துபோவதால் மட்டும் அல்ல. கேள்வியைப் படித்ததும் முதல் வரியிலேயே ‘இது கொலை’ என்று எழுதிவிடுவதால்தான் பெரும்பாலும் குறைகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.) கொலை 101ஆவது பிரிவு. அதற்கு முன்னால் 100ஆவது பிரிவில் மரணம் விளைவிக்கும் குற்றம், அதாவது வகுப்பில் சொல்லும் கல்பபிள் ஹோமிசைட் இருக்கிறது. விடை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

வரிசையை உச்ச நீதிமன்றமே 1976இல் புன்னய்யா வழக்கில் வகுத்துக் கொடுத்திருக்கிறது. எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின் செயலால்தான் மரணம் நேர்ந்ததா? நேர்ந்தது என்றால், அது 100க்குள் வருகிறதா? வந்தால், 101இன் நான்கு கூறுகளில் ஒன்றில் பொருந்துகிறதா? பொருந்தினால் மட்டுமே ஐந்து விதிவிலக்குகளைப் பார்க்கலாம். கொலை என்று நிறுவாமலே, அவற்றில் ஒன்றான ‘திடீர் ஆத்திரமூட்டல்’ எழுதுவது வீண். அதை எழுதும்போதும் நானாவதி வழக்கை நினைவில் வையுங்கள்: வேறொருவருடன் தனக்கு இருந்த உறவை மனைவி சொன்னதைக் கேட்டபின், கடற்படை அதிகாரியான நானாவதி கப்பலுக்குப் போய்த் துப்பாக்கி எடுத்து வரும் அளவுக்கு இடைவெளி இருந்ததால் அந்த வாதம் எடுபடவில்லை.

அதிகம் குழப்புவது 101இன் மூன்றாவது கூறு. 100இல் ‘மரணம் நேரக்கூடிய’ காயம் போதும். இங்கே ‘இயல்பான போக்கில் மரணம் விளைவிக்கப் போதுமான’ காயம் வேண்டும். விர்சா சிங் வழக்கில் (1958) வயிற்றில் ஒரே ஓர் ஈட்டிக் குத்து. கொல்லும் எண்ணம் இருந்ததா என்று நீதிமன்றம் தேடவில்லை. அந்தக் காயத்தை ஏற்படுத்தும் எண்ணம் இருந்ததா என்றுதான் பார்த்தது. காயம் மரணத்துக்குப் போதுமானதா என்பது மருத்துவச் சான்றைக் கொண்டு தனியாக முடிவாகும். இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்து எழுதினால் விடை சொதப்பிவிடும்.

எண்ணமும் செயலும் ஒரே நேரத்தில் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் பழனிக் கவுண்டன் வழக்கு (1919) இருக்கிறது. அடியில் மயங்கிய மனைவி இறந்துவிட்டாள் என்று நம்பி, தற்கொலைபோல் காட்டக் கணவன் அவளைத் தூக்கில் தொங்கவிட்டான். உயிர் போனது தூக்கினால். தூக்கியபோது அவன் கண்ணில் அது பிணம். அதனால் கொலையும் இல்லை, மரணம் விளைவிக்கும் குற்றமும் இல்லை, கொடுங்காயம்தான். முடிவு பிடிக்காமல் போகலாம், ஆனால் தர்க்கத்தில் ஓட்டை இல்லை.

கொடுங்காயம் 116இல் எட்டு வகை. பல் உடைந்தாலே போதும். காயத்தின் அவதி எத்தனை நாள் நீடிக்க வேண்டும் என்பதில் பழைய சட்டத்தின் 20 நாள் இப்போது 15 நாள். ஆனால் 15 நாள் மருத்துவமனையில் படுத்திருந்தது மட்டும் கணக்கில் வராது. கடும் உடல்வலி, அல்லது அன்றாட வேலையைச் செய்ய முடியாமை இருந்தாக வேண்டும். இன்னொன்று: லேசாகத் தள்ளியதில் எதிர்பாராமல் எலும்பு முறிந்தால், வேண்டுமென்றே கொடுங்காயம் ஏற்படுத்துவதற்கான 117 பொருந்தாது. கொடுங்காயம் ஏற்படுத்தும் எண்ணமோ, ஏற்படக்கூடும் என்ற அறிவோ இருக்க வேண்டும்.

தாக்குதலுக்கு (130) கை படவே வேண்டாம், ஓங்கினாலே போதும். வெறும் வார்த்தை மட்டும் தாக்குதல் ஆகாது.

கேள்வியில் தேதி கொடுத்திருந்தால் முதலில் அதைப் பாருங்கள். சம்பவம் 2024 ஜூலை 1க்கு முந்தையது என்றால் மரணம் விளைவிக்கும் குற்றத்துக்கு 299, கொலைக்கு 300 என்று பழைய தண்டனைச் சட்டத்தின் எண்களைத்தான் எழுத வேண்டும்.