வளைவு வரைக்கும் ஒரு நடை

ஆகஸ்ட் 4

போன் வரவில்லை.

ஆகஸ்ட் 5

கோமதி கண் அயர்ந்ததும் கிளம்பினேன். டோன் ஓடை ஓரமாக, நேராக சிரியத் தோட்டம். ராக்ஃபெல்லர் பூங்காவில் நாட்டுக்கு ஒன்றாக முப்பதுக்கும் மேல் தோட்டங்கள் இருக்கின்றன. இத்தனை வருஷம் கிளீவ்லாந்தில் இருந்தும், நமக்கு இந்தியத் தோட்டத்துக் காந்தி சிலையோடு சரி. இப்போது சிரியாவில் போய் உட்காருவதற்குக் காரணம் சிரியா இல்லை. உறுப்பு மாற்றுப் பட்டியலில் கோமதி இருக்கிறாள், ஆஸ்பத்திரியிலிருந்து எந்நேரமும் போன் வரலாம். அந்தப் பெஞ்சில் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது.

ஆகஸ்ட் 6

அங்கிருக்கும் கல்வளைவு சிரியாவின் பழைய நகரமான பல்மைராவின் இடிபாடுகளை மனதில் வைத்துக் கட்டியது என்று கோமதியிடம் சொன்னேன். "பனையா? இந்தக் குளிர்ல எப்படிங்க நிக்கும்?" என்றாள். நாலு நாளுக்குப் பிறகு சிரித்தாள், இருமல் வரும் வரைக்கும்.

ராத்திரி உட்கார்ந்து தேடினேன். அவள் கேட்டது முழுத் தப்பும் இல்லை. அந்த ஊரைச் சிரியாக்காரர்கள் தத்முர் என்கிறார்கள். பேரீச்சை நிறைந்த பாலைவனச் சோலை. நம் பனைக்கு ஆங்கிலத்தில் பல்மைரா என்று பெயர் வந்தது போர்த்துக்கீசியரின் 'பல்மெய்ரா' வழியாக. உடன்குடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நின்ற மரங்களுக்கு இப்படி ஒரு பெயர் உண்டென்று அப்பாவுக்குக் கடைசி வரை தெரியாது.

ஆகஸ்ட் 9

விடியற்காலை 3:10-க்குப் போன். செருப்பு மாட்டி, பையைத் தூக்கி, கார் சாவியும் எடுத்தாயிற்று. பார்த்தால் மருந்துக்கடையின் தானியங்கிக் குரல்: மாத்திரை தயாராம். மூன்று மணிக்கு!

அதன்பிறகு யாரும் தூங்கவில்லை.

ஆகஸ்ட் 12

பெஞ்சில் ஒரு பெரியவர். சிரியாவின் ஹோம்ஸ் ஊர்க்காரர். மகனிடம் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். சட்டைப்பையில் பூசணி விதை வைத்துக்கொண்டு கொறிக்கிறார். ஓட்டை நாக்காலேயே பிளக்கிறார், கை படுவதே இல்லை. எனக்கும் கொஞ்சம் கொடுத்தார். எனக்கு வரவில்லை, ஓட்டோடு மென்றேன்.

பூவைப் பற்றிப் பேச்சு வந்தது. டமாஸ்கஸ் என்றால் மல்லிதானாம், வீட்டு முற்றத்தில், தெருவில், எங்கும். போனில் படம் காட்டினார். அட, அசல் பிச்சி! பதிலுக்கு நான் குண்டுமல்லி படம் காட்டினேன். அதற்கு அவர்கள் பாஷையில் 'ஃபுல்'. யாஸ்மீன் வேறு, ஃபுல் வேறு. கோமதி தோவாளைக்காரி. பிச்சியையும் மல்லியையும் ஒன்றாகச் சொன்னால் கோபம் வரும். இந்த மனுஷரை அவளுக்குப் பிடிக்கும்.

இங்கே இரண்டும் வெளியே பிழைக்காது. பனி ஒரே ராத்திரியில் கருக்கிவிடும்.

ஆகஸ்ட் 13

ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியிருக்கிறது, சிறுநீரகம் தளர்கிறது என்று அர்த்தம். எழுதப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 18

2015-இல் இதே தேதியில்தான் காலித் அல்-அசாத்தை ஐ.எஸ். தீவிரவாதிகள் கொன்றார்கள். பல்மைராவின் தொல்பொருட்களை நாற்பது வருஷம் காத்தவர், எண்பதைத் தாண்டியவர். ஊரை விட்டுப் போய்விடுங்கள் என்று சொல்லியும் போகவில்லை. அக்டோபரில் பல்மைராவின் நினைவு வளைவையும் வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

இந்தத் தோட்டம் திறந்தது 2011 ஆகஸ்டில். சிரியாவில் அரசுக்கு எதிரான போராட்டம் வெடித்தது அதே வருஷம் மார்ச்சில். இங்கே ரிப்பன் வெட்டியபோது ஊரிலிருந்து என்ன செய்தி வந்துகொண்டிருந்திருக்கும்? அசல் விழுந்துவிட்டது. ஓஹையோவில் அதை நினைத்துக் கட்டியது நிற்கிறது, அடியில் யாரோ விட்டுப்போன காபிக் கோப்பையோடு. பெரியவரிடம் இதைக் கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. விதை கொறித்தோம்.

ஆகஸ்ட் 19

போன் வரவில்லை.

ஆகஸ்ட் 25

தோட்டங்களின் வருடத் திருவிழா முடிந்தது. புதிதாகக் குடியுரிமை பெறுகிறவர்கள் அங்கேயே உறுதிமொழி எடுக்கிறார்கள். கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கோமதி இன்னும் கிரீன் கார்டுதான். "பாஸ்போர்ட்ட மாத்திட்டா அப்பா வீட்டுக்குப் போக விசா கேப்பாங்கல்ல" என்பாள். இனிமேல் அதைப் பேசுவதில் அர்த்தமில்லை. இருந்தாலும் நேற்று மறுபடி பேசினோம், சண்டையும் போட்டோம்.

நூறு வருஷத்துக்கு முன் சிரியர்கள் ஒட்டோமான் (துருக்கிய) பேரரசின் காகிதத்தோடு வந்து, துருக்கியர் என்று பெயர் வாங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக விற்றார்கள். குடியுரிமைக்கு வெள்ளையராகவோ ஆப்பிரிக்க வம்சத்தவராகவோ இருக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். ஜார்ஜ் டோ என்ற சிரியர் வழக்காடி, 1915-இல் மேல்முறையீட்டில் வென்றார். நம் பகத் சிங் திண்ட் 1923-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். இந்தியருக்குக் கதவு திறந்தது 1946-இல். ஒரே கேள்வி, இரண்டு பதில். பெரியவரிடம் சொன்னேன். "ஆக நான் வெள்ளைக்காரன்!" என்று தன் முன்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். என் கையும் அதே நிறம்தான்.

செப்டம்பர் 2

அப்புறம் எழுதுகிறேன்.

செப்டம்பர் 11

பட்டியலில் இருந்து தற்காலிகமாக எடுத்திருக்கிறார்களாம், காய்ச்சல் போகும் வரை. இதைச் சொல்லத்தான் போன் அடித்தது. இவ்வளவு நாள் காத்திருந்த போன். மகளிடம் இன்னும் சொல்லவில்லை.

செப்டம்பர் 20

காய்ச்சல் இல்லை. திரும்பப் பட்டியலில். ரசம் சாதம் இரண்டு கரண்டி.

செப்டம்பர் 27

குளிர் ஆரம்பித்துவிட்டது. பிச்சித் தொட்டியை உள்ளே எடுத்து வைத்தேன். ஒரு மொட்டு இருக்கிறது. கட்டிலில் இருந்தபடியே ஜன்னல் பக்கமா வைங்க, சுவர் பக்கமா வைங்க என்று அதிகாரம் பண்ணினாள்.

நாளைக்குப் பெரியவருக்கு ஒரு துண்டு கருப்பட்டி எடுத்துக்கொண்டு போக வேண்டும். எங்கள் பல்மைரா இது என்று வாயில் போட்டுக் காட்டலாம்.