மணிமேகலையைக் காணவில்லை

2023 ஏப்ரல் 23, ஞாயிறு

வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. காலை ஒன்பது மணிக் காட்சிதான் கிடைத்தது. 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகத்துக்காக லீவு போடுகிறாயா என்று இவர் கேட்டார். போன செப்டம்பர் 30-ஆம் தேதி முதல் பாகத்துக்கும்தான் போட்டேன். அப்போது வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் அவரும் லீவு.

எனக்கு ஒரே ஒரு கவலை. முதல் பாகத்தில் கடம்பூர் மாளிகை வந்தது, நள்ளிரவுச் சதிக்கூட்டம் வந்தது. அந்த மாளிகைக்குச் சொந்தக்காரரான சம்புவரையரின் மகள், கதாநாயகன் வந்தியத்தேவனை ஒருதலையாகக் காதலிக்கும் மணிமேகலை மட்டும் வரவில்லை. அவளுக்குக் கதையில் முக்கிய வேலை பின்பாதியில்தானே, அதற்காக வைத்திருப்பார்கள் என்று ஏழு மாதமாக என்னையே தேற்றிக்கொண்டு வருகிறேன். நடிகர் பட்டியலில் தேடினேன். காணோம்.

ஏப்ரல் 25, செவ்வாய்

ஆபீஸில் ஒரு கல்யாணப் பத்திரிகை. நான்கு மூலையிலும் மஞ்சள். மாப்பிள்ளை எங்கள் மாடியிலேயே உட்காருகிறவர். தினமும் என்னோடு சாப்பிடும் பெண்ணுக்கு அவர்மேல் இரண்டு வருஷமாகப் பிரியம். அவருக்குத் தெரியாது. தெரிந்தும் தெரியாதமாதிரி இருந்தாரோ என்னவோ. பத்திரிகையில் பிழை பார்த்துக் கொடுத்ததே இவள்தானாம். "'சுற்றமும் நட்பும்' என்பதில் ஒரு 'ற்' விட்டுப்போயிருந்தது அக்கா" என்றாள். இப்போது பரிசுப் பணம் வசூலிக்கும் வேலையும் அவள் தலையில். ஐநூறு கொடுத்தேன். என் பெயருக்கு நேராக டிக் போட்டாள்.

ஏப்ரல் 28, வெள்ளி

இல்லை. அவள் இல்லவே இல்லை.

படம் எனக்குப் பிடித்தது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சின்ன வயது நந்தினியாக வரும் சாரா அர்ஜுன் பேசாமலே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறாள். கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கும் வந்தியத்தேவன் முன் குந்தவை வரும் இடத்தில் விசில் பறந்தது. கடம்பூரில் கரிகாலனாக விக்ரமும் நந்தினியாக ஐஸ்வர்யா ராயும் நேருக்கு நேர் நிற்கும்போது, முன்வரிசையில் பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தவர் டப்பாவுக்குள் விட்ட கையை வெளியே எடுக்கவே இல்லை.

நான் மட்டும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாவலில் அந்த இரவு அவளும் அதே மாளிகையில்தான் இருக்கிறாள். வந்தியத்தேவன்மேல் பழி விழக்கூடாதென்று, கரிகாலனைக் கொன்றது நான்தான் என்று சொல்லப்போகிறவள் அவள். கதவு திறக்கும் என்று பார்த்தேன். தீதான் வந்தது.

வெளியே வந்ததும் இவர், "யாரது மணிமேகலை? ஐம்பெருங்காப்பியமா?" என்றார். ஆட்டோவில் பேசவில்லை.

ஏப்ரல் 29, சனி

கோபம் கொஞ்சம் ஆறியிருக்கிறது. நியாயமாகவே யோசிப்போம். 1950-இல் தொடங்கி மூன்றரை வருஷம் வாராவாரம் 'கல்கி' இதழில் ஓடிய கதை, ஐந்து பாகம். எம்.ஜி.ஆர். 1958-லேயே எடுப்பதாக அறிவித்து முடியாமல் போனது. அதை இரண்டு படத்தில் அடக்கும்போது யாரையாவது வண்டியிலிருந்து இறக்கித்தான் ஆகவேண்டும். சேந்தன் அமுதனின் பிறப்பு ரகசியத்தையே எடுத்துவிட்டார்கள், எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் யாரை இறக்கலாம் என்று பார்க்கும்போது கை ஏன் முதலில் இவளிடம் போகிறது?

என் கட்சி இதுதான். ஒருதலைக் காதல் ஆணுக்கு வந்தால் நம் சினிமாவில் தாடி உண்டு, மழை உண்டு, பாட்டு உண்டு. 'சூப் பாய்' என்று பட்டப்பெயர்கூட உண்டு. பெண்ணுக்கு வந்தால் அவள் வில்லி ஆகவேண்டும். 'படையப்பா' நீலாம்பரி நந்தினியிலிருந்து பிறந்தவள் என்று முதல் பாகத்தின் விழா மேடையில் ரஜினியே சொன்னார். சரி, நீலாம்பரியை எனக்கும் பிடிக்கும். யாருக்குத்தான் பிடிக்காது? கோபக்காரிக்கு நாற்காலி போடத் தெரிகிறது நமக்கு. கோபப்படத் தெரியாதவளை எங்கே உட்கார வைப்பது என்றுதான் தெரியவில்லை.

மணிமேகலையின் அண்ணன் கந்தமாறன் தன் சிநேகிதன் வந்தியத்தேவனைப் பற்றிப் புகழ்ந்து புகழ்ந்தே தங்கை மனத்தில் ஆசையை வளர்க்கிறான். பிறகு பெரிய இடத்துச் சம்பந்தம் தெரிந்ததும், அவனை மறந்துவிடு என்கிறான். இந்த அண்ணனை எனக்குத் தெரியும். எல்லார் வீட்டிலும் ஒருவன் இருக்கிறான். மறக்கிறது என்ன மின்விசிறியா, சுவிட்சைத் தட்ட?

மே 1, திங்கள்

நேற்று அம்மா வீட்டுக்கு, கும்பகோணத்துக்கு வந்தேன். இன்று அம்மாவை மதியக் காட்சிக்குக் கூட்டிப்போனேன். திரும்பி வந்து காப்பி போட்டுக்கொண்டே சொன்னாள்: "நல்ல வேளை, அந்தப் பொண்ணை விட்டுட்டான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நீயே இப்படிச் சொல்லலாமா அம்மா?"

"புஸ்தகம்னா மூடி வெச்சுட்டு எழுந்து போயிடலாம்டி. தியேட்டர்ல எங்க போறது?"

பரணிலிருந்து பைண்டு வால்யூமை இறக்கச் சொன்னாள். கதை மறுபடி தொடராக வந்தபோது பாட்டி வாராவாரம் பக்கங்களைப் பிரித்துச் சேர்த்தது. பைண்டு செய்தவர் ஓரத்தை அதிகமாக வெட்டிவிட்டதில் படங்களில் பாதிப் பேருக்குப் பாதம் கிடையாது. கடைசி அத்தியாயத்தைப் புரட்டினேன். 'மலர் உதிர்ந்தது!' வந்தியத்தேவன் மடியில் மணிமேகலை உயிர்விடும் இடம். இத்தனை ராஜாக்கள், இத்தனை சதி, அருள்மொழிவர்மன் பெயரிலேயே புத்தகம். ஆனால் கல்கி கதையை முடித்தது இவளை வைத்துத்தான். அதற்கப்புறம் முடிவுரை மட்டும்.

அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பாட்டியின் பென்சில் எழுத்து. ஏதோ குறிப்பு என்று கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். பால் கணக்கு. மூன்று நாள் பால் வாங்கவில்லை என்று இருந்தது.

"அழுதாளா?"

"யாரு, உங்க பாட்டியா? அன்னிக்கு ரசத்துல உப்பே இல்ல," என்றாள் அம்மா.

மே 3, புதன்

வேலை. வெயில். எழுத ஒன்றுமில்லை.

மே 4, வியாழன்

ஊரில் அந்த அத்தியாயத்தைப் போனில் படமெடுத்து வைத்திருந்தேன். பால் கணக்கோடு. ஆபீஸ் பெண்ணுக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று யோசித்து, நேற்றிரவு அனுப்பிவிட்டேன். பதினொன்றரைக்கு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. தப்புப் பண்ணிவிட்டோமோ என்று தூக்கம் வரவில்லை.

இன்று மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தபடி அவளே கேட்டாள். "அந்த வந்தியத்தேவன் அப்புறம் கல்யாணம் பண்ணிக்கிட்டானா அக்கா?"

"தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே இருக்கு. குந்தவை அவன் மனைவி."

"கல்வெட்டுல மணிமேகலை?"

"அவள் கல்கியோட கற்பனை."

"அப்படியா," என்றவள் எலுமிச்சை சாதத்திலிருந்து கடலையைத் தனியாகப் பொறுக்கி மூடியில் வைத்தாள். வசூல் 8,500 ரூபாய் ஆகியிருக்கிறதாம். மிக்ஸி வாங்கலாமா, குத்துவிளக்கா என்று கேட்டாள். மிக்ஸி என்றேன்.