பாதத்தின் மேல் ஒரு பேனாக் குறி

சேலத்தில் ஒரு மருத்துவமனையின் கேத் லேபில், அதாவது மெல்லிய குழாயை உள்ளே விட்டு ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் அறையில், பதினோரு வருடமாகச் செவிலியராக இருக்கிறேன். இங்கே வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நெஞ்சுவலிக்காரர்கள். கால் அடைப்புக்காரர்கள் குறைவு, அவர்களும் விரல் கறுத்த பிறகுதான் வருகிறார்கள்.

அந்தப் பெரியவர் ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலை செய்பவர். பல வருடச் சர்க்கரை, சின்ன வயதிலிருந்தே பீடி. "மேட்டுல நாலு சில்வர் ஓக் மரம் தாண்டினா கெண்டைக்கால் கவ்விப் புடிக்குது கண்ணு. செத்த நின்னா விட்டுடுது" என்றார். நடந்தால் வலி, நின்றால் இல்லை. ரத்தக்குழாய் அடைப்பை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு வருடமாக அதற்கு நரம்புத் தளர்ச்சி என்று பெயர் வைத்து, தைலமும் சத்து ஊசியுமாக ஓட்டியிருக்கிறார்கள். அப்புறம் புதுச் செருப்பு கடித்த புண் ஆறாமல் இடது கட்டைவிரல் கறுத்தது. முழங்காலுக்கு மேலே எடுத்துவிடலாம் என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

கையில் ரத்த அழுத்தம் 140, இடது கணுக்காலில் 60. இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். கணுக்கால் அளவைக் கையின் அளவால் வகுத்து 0.9-க்குக் கீழே வந்தாலே அடைப்பு என்று எடுத்துக்கொள்வோம். பாதத்தின் மேல் விரல் வைத்துப் பார்த்தேன், துடிப்பே இல்லை. ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியை வைத்துத் தேடியதில் ஓரிடத்தில் மட்டும் காற்றுப் போல மெலிதாக ஒரு சத்தம். அந்த இடத்தில் பேனாவால் பெருக்கல் குறி போட்டேன்.

இப்படிப்பட்ட காலைக் காப்பாற்றும் வழி புதிதல்ல. 1964-ல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில், காலை எடுக்கச் சம்மதிக்காத 82 வயது மூதாட்டிக்கு, சார்லஸ் டாட்டர் என்ற மருத்துவர் தடிமன் கூடிய குழாய்களை ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே செலுத்தி அடைப்பை விரித்தார். அந்த அம்மாவின் கால் பிழைத்தது. 1974-ல் ஸ்விட்சர்லாந்தின் சூரிச்சில் க்ரூன்ட்ஸிக் என்ற மருத்துவர், அடைப்பை உள்ளிருந்தே விரிக்கும் தன் பலூனை முதலில் விரித்ததும் கால் ரத்தக்குழாயில்தான். இதயத்துக்கு அது 1977-ல்தான் போனது. காலுக்கென்று பிறந்த வைத்தியம் காலுக்கே இவ்வளவு தாமதமாகக் கிடைப்பது எனக்கு ஆறவே இல்லை. அம்மாபேட்டையில் நாற்பது வருடம் தறி மிதித்த என் பெரியப்பாவும் இதே வலியைத்தான் சொன்னார். நான் அப்போது படித்துக்கொண்டிருந்தேன். முதுகு நரம்பு என்று நினைத்து வலி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். அவருக்குக் கால் மிஞ்சவில்லை.

பெரியவருக்கு வலது தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, அங்கிருந்து ரத்தக்குழாய் வழியாக இடது காலுக்குக் கம்பியை இறக்கினார் டாக்டர். அடைப்பைக் கம்பி தாண்டத்தான் நேரம் பிடித்தது. தாண்டியதும் 5 மில்லிமீட்டர் பலூன். அழுத்தம் ஏற ஏறத் திரையில் அது உடுக்கை போல நடுவில் ஒடுங்கி நின்றது. "காலு வெடிச்சுடும் போலிருக்கு கண்ணு." "ரெண்டே நிமிஷம்யா, ஆட்டாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். எட்டு அட்மாஸ்பியர் அழுத்தத்தில் அந்த ஒடுக்கம் சட்டென்று விரிந்தது. பலூனைச் சுருக்கி, எக்ஸ்ரேயில் ரத்தக்குழாயைக் காட்டும் மருந்தை விட்டபோது, தொடையிலிருந்து பாதம் வரை கறுப்புக் கோடு தடையில்லாமல் ஓடியது.

மேலே போர்த்தியிருந்த துணியை விலக்கிப் பேனாக் குறியில் விரலை வைத்தேன். துடித்தது. பாதம்கூட லேசாகச் சூடேறியிருந்தது. கட்டைவிரலைப் பிறகு எடுக்க வேண்டியிருந்தது, ஆனால் கால் அவருடையதாகவே இருக்கிறது.

புண் ஆறியதும், வலிக்கும் வரை நடந்து, நின்று, மறுபடி நடக்கச் சொல்லி அனுப்பினோம். மூன்றாம் மாதம் வந்தவர், "இருவது மரம் தாண்டுறேன்" என்றார். பீடியைக் கேட்டேன். குறைத்திருக்கிறாராம். விரித்த குழாய் மறுபடி அடைத்துக்கொள்ளும், குறைத்தால் போதாது, விட்டே ஆக வேண்டும் என்று அவர் மனைவியையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னேன்.

பேசிக்கொண்டே வலது பாதத்திலும் விரல் வைத்தேன். துடிப்பு மங்கலாகத்தான் இருந்தது. அதற்கு டாப்ளர் எடுக்க அன்றைக்கே சீட்டு எழுதி வாங்கினேன்.