கட்டி சாதுதான், இருக்கும் இடம்தான் வில்லங்கம்

சித்தப்பாவுக்கு எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தபோது இதயத்தின் பெருநாடி வால்வில் ஏதோ ஒன்று ஆடுவது தெரிந்தது. வால்வில் எதைப் பார்த்தாலும் முதலில் கிருமித் தொற்றா என்றுதான் சந்தேகப்படுவார்கள். காய்ச்சல் இல்லை, ரத்தக் கல்ச்சரிலும் எதுவும் வளரவில்லை. பாப்பிலரி ஃபைப்ரோஎலாஸ்டோமா என்ற, இதய வால்வில் வளரும் ஒரு வகைக் கட்டியாக இருக்கும் என்றார்கள். புற்றுநோய் அல்ல, பரவாது. “அப்புறம் எதுக்கு ஆபரேஷன்?” என்றார் சித்தப்பா. நியாயமான கேள்விதான்.

சிறு காம்பில் தொங்கும் அந்தக் கட்டியிலிருந்து ஒரு துணுக்கோ, அதில் ஒட்டிய ரத்த உறைவோ பிய்ந்தால் நேராக மூளைக்குப் போகலாம். பக்கவாதம். பெருநாடி வால்வு போன்ற இடப்பக்க வால்வு என்றால், அளவு 1 செ.மீ.தான் என்றாலும் பெரும்பாலும் எடுத்துவிடச் சொல்வது அதனால்தான்.

நெஞ்செலும்பைப் பிளக்கவில்லை. வலப்பக்க விலா எலும்புகளுக்கு நடுவே சில செ.மீ. கீறல். அதற்காகச் ‘சின்ன ஆபரேஷன்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கீறல்தான் சின்னது, இதயத்தை நிறுத்தி, ஹார்ட்-லங் மெஷினில் போட்டுத்தான் செய்கிறார்கள். கட்டியைக் காம்போடு சீவி எடுத்து, வால்வு கசிகிறதா என்று உணவுக்குழாய் வழி எக்கோவில் பார்த்த பிறகுதான் கீறலை மூடினார்கள். வால்வை மாற்ற வேண்டியிருக்கவில்லை. எடுத்ததை நீரில் போட்டதும் கடல் சாமந்தி மாதிரி விரிந்ததாம்; சர்ஜன் போனில் படம் காட்டினார்.

வால்வில் வளரும் எல்லாவற்றுக்கும் கத்தி தேவையில்லை. லூபஸ் (உடலின் எதிர்ப்பு சக்தி தன் உடலையே தாக்கும் நோய்) உள்ளவர்களுக்கு வால்வில் வரும் லிப்மன்-சாக்ஸ் வளர்ச்சிகளுக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தும் லூபஸுக்கான சிகிச்சையும்தான் பெரும்பாலும் முதலில்.