மொஸார்ட்டுக்குத் தம்புரா போட்டுப் பார்த்தேன்

மொஸார்ட்டின் சி மேஜர் (சி-யை ஷட்ஜமாகக் கொண்ட) பியானோ சொனாட்டா, கோஷெல் தொகுத்த மொஸார்ட் பட்டியலில் கே. 545. அதன் முதல் பகுதி கீபோர்டில் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. 1788 ஜூன் 26 தேதியிட்டு, கற்றுக்குட்டிகளுக்கானது என்று அவரே தம் பட்டியலில் குறித்துவைத்த உருப்படி. ஐந்தாவது பாரில் (தாளச் சுற்றில்) ஆரம்பிக்கும், வரிசையாக ஏறி இறங்கும் ஸ்கேல் ஓட்டங்களை வாசித்தால், அந்த ஊர்க் கற்றுக்குட்டி யாரென்று கேட்கத் தோன்றும்.

தொடக்கத்தில் இடது கை சி-ஜி-ஈ-ஜி என்று உருள்கிறது. நம் கணக்கில் ச-ப-க-ப. வெனிஸ்காரர் டொமெனிகோ அல்பெர்டி பெயரால் இதை அல்பெர்டி பாஸ் என்கிறார்கள். கட்டைவிரல் திரும்பத் திரும்பப் பஞ்சமத்தில் விழுவதால் அதுவே ஓங்கிக் கேட்கும். சுண்டுவிரலால் ஷட்ஜத்தைக் கொஞ்சம் ஊன்றி, கட்டைவிரலைக் கட்டையிலிருந்து அதிகம் தூக்காமல் தொட்டால் வலது கை மெட்டு தெளிவாக நிற்கிறது.

சொனாட்டா வடிவத்தை விளக்குகிறவர்கள் பெரும்பாலும் முதல் மெட்டு, இரண்டாம் மெட்டு, கடைசியில் இரண்டும் திரும்பும் என்று முடித்துவிடுவார்கள். கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த காதுக்கு அது பல்லவி திரும்புகிற மாதிரிதான் படும். அசல் விஷயம், இங்கே ஆதார சுருதியே இடம் மாறுகிறது. அதைக் காதால் பிடிக்க ஒரு கோணங்கி வேலை செய்தேன். போனில் தம்புராவைச் சி-யில் ஓடவிட்டு, கூடவே வாசித்தேன்.

முதல் மெட்டு வரைக்கும் சுகம். 14-வது பாரில் இரண்டாம் மெட்டு ஜி மேஜரில் வந்ததும் எஃப் ஷார்ப், அதாவது பிரதி மத்தியமம், உரச ஆரம்பிக்கிறது. 28-வது பாரில் எக்ஸ்பொசிஷன், அதாவது மெட்டுகளை அறிமுகப்படுத்தும் பகுதி, முடியும்போது கை ஜி-யில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது, தம்புரா சேரவே இல்லை. அடுத்து வரும் டெவலப்மென்ட், அதாவது சுருதி மாறி மாறி அலையும் நடுப்பகுதி, 13 பார்தான். ஜி மைனரில் தொடங்கி அலைகிற அதை இந்தச் சுருதியோடு கேட்கக் காது கூசுகிறது.

சுவாரசியம் 42-வது பாரில். முதல் மெட்டு அப்படியே திரும்புகிறது, ஆனால் எஃப் மேஜரில்! வழக்கப்படி சி-யில் வந்திருக்க வேண்டும். மெட்டை மட்டும் கேட்டால் வீடு வந்தாச்சு என்று தோன்றும், தம்புரா ஒப்புக்கொள்வதில்லை. சி-யிலிருந்து ஜி எவ்வளவு தூரமோ எஃப்-இலிருந்து சி-யும் அவ்வளவுதான். பழைய பாதையிலேயே நடந்தாலும் சி-யில் போய் நிற்கலாம் என்பதால் இதைச் சோம்பேறி வழி என்று சொல்வதுண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. சும்மா இடம் மாற்றி எழுதுகிறவர் ஸ்கேல் ஓட்டங்களை நாலு பார் நீட்டுவானேன்? 59-வது பாரில் இரண்டாம் மெட்டு சி-யில் வரும்போதுதான் தம்புராவும் கையும் நிஜமாகச் சேர்கின்றன.

மெட்டைவிடச் சுருதி மாற்றமே முக்கியம் என்பதில் மொஸார்ட்டின் சமகாலத்தவரான ஹேடன் இன்னும் கறார். 1795-இல் அரங்கேறிய 104-வது சிம்ஃபொனியின் முதல் பகுதியில், டி மேஜரில் வந்த மெட்டையே ஏ மேஜருக்கு நகர்த்தி, இரண்டாம் மெட்டின் இடத்தில் உட்காரவைத்துவிட்டார். அடுத்து தம்புராவை டி-க்கு மாற்றி அதைக் கேட்கப் போகிறேன்.