சர்க்கரை சேர்க்காத மைசூர்பாகும் அப்பாவின் 238-ம்

போன தீபாவளிக்கு அத்தை மகன் அப்பாவுக்கென்றே தனியாக ஒரு ஸ்வீட் பாக்ஸ் வாங்கி வந்தான். மாசி வீதிப் பக்கம் ஒரு கடை. மேலே பெரிய எழுத்தில் 'சர்க்கரை சேர்க்காதது' என்று போட்டிருந்தது. பதினைந்து வருடமாகச் சுகருக்கு மாத்திரை போடுகிற மனிதர், மைசூர்பாகைக் கையில் எடுத்தே எவ்வளவு நாள் ஆகியிருக்கும், அன்றைக்கு நாங்கள் யாரும் தடுக்கவில்லை. இரண்டே நாளில் பெட்டி பாதி காலி. மூன்றாம் நாள் காலை வெறும் வயிற்றில் சுகர் 238. வயிற்றுப்போக்கு வேறு.

பண்டிகைச் சாப்பாட்டுக்கும் அதில் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆனால் பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததை அப்புறம்தான் படித்தேன்: மால்டிடால் (சர்க்கரைக்குப் பதிலாகப் போடுகிற ஓர் இனிப்பு), கடலை மாவு, மைதா, பால்கோவா.

சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பூட்டி சர்க்கரையை விட 600 மடங்கு இனிப்பு. ஒரு துளி போதும். குளிர்பானத்துக்கு அது சரி, மைசூர்பாகுக்கு? பாகுதானே அதற்கு உடம்பே! அந்த எடைக்கும் பதத்துக்கும் ஏதாவது போட்டே ஆக வேண்டும், அதற்குத்தான் மால்டிடால். சர்க்கரையில் ஏறத்தாழ பாதி கலோரி அதில் உண்டு, ரத்தத்தில் சர்க்கரையை ஓரளவு ஏற்றவும் செய்யும், குடல் முழுதாக உறிஞ்சாததால் அதிகம் தின்றால் வயிற்றைக் கலக்கும். மாவும் கோவாவும் எப்போதும் போல ஏற்றும். இதை 'சுகர்காரர்கள் தாராளமாகச் சாப்பிடலாம்' என்று சொல்லி விற்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இதற்கு நேர் எதிராக அம்மா. குடும்ப வாட்ஸ்அப்பில் 'அஸ்பார்டேம் புற்றுநோய்' என்று ஒன்று வந்ததும் சர்க்கரைக்குப் பதிலாகக் காபிக்குப் போடுகிற அஸ்பார்டேம் இனிப்பு மாத்திரை டப்பாவையே தூக்கிப் போட்டுவிட்டார். 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை 2பி பிரிவில் சேர்த்தது உண்மை. புற்றுநோய் தரக்கூடும், ஆனால் ஆதாரம் குறைவு என்பது அதன் பொருள். கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. அதே நாளில் உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான நிபுணர் குழு, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பையே வைத்துக்கொண்டது. அம்மா 60 கிலோ, அப்படியானால் 2400 மில்லிகிராம். ஒரு டின் டயட் பானத்தில் 200 முதல் 300 வரை இருக்கும், காபி மாத்திரையில் சுமார் 20தான். உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினேன். அம்மாவின் முகம் தெளிந்தது. (கொதிக்கிற பாயசத்தில் மட்டும் போடாதீர்கள், சூட்டில் அஸ்பார்டேம் இனிப்பை இழந்துவிடும்.) பீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது.

உடம்பு இளைக்க டயட் கோலா குடிக்கிற தம்பிமார்களுக்கும் ஒன்று. எடையைக் குறைக்க இந்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொன்னது. அதனால் அப்பாவின் காபியில் அந்த ஒரு மாத்திரை தொடர்கிறது.

சித்திரைத் திருவிழாவுக்கு அழகரைப் பார்க்க வருகிற சொந்தக்காரர்களுக்கு இப்போதே சொல்லி வைக்கிறேன். அப்பாவுக்கு ஸ்வீட் பாக்ஸ் வேண்டாம். கொய்யா வாங்கி வாருங்கள், ரொம்பப் பழுக்காததாக.